நாலரை மணிக்குப் போன பைல்

1. புதன்கிழமை டெலிபோன்

கைப்பையை மேசையில் வைக்கக்கூட இல்லை, டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து ரிஸ்வான்.

"அக்கா, உங்கட மேமலைத் தோட்டத்து மூட்டை எங்கட ஸ்டோருல கெடக்கு. ஆனா பட்டியல்ல ரெண்டு இன்வாய்ஸக் காணல்ல. நேத்து அனுப்பினீங்களா இல்லியா?"

"அனுப்புனேனே தம்பி! ஏழு தோட்டத்தையும் சேத்துத்தானே அனுப்புனேன். இந்தா, 'டிரான்ஸ்பர் கம்ப்ளீட்'னு காட்டுதே!"

"எங்களுக்கு வந்தத நாங்க ஏத்தினோம். அவ்வளவுதான் அக்கா."

இதைப் படிக்கிற இளம் பிள்ளைகளுக்கு என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் வருஷம். இலங்கைக் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிப் பழைய நேரத்துக்கே திரும்பி வந்ததற்கு அடுத்த வருஷம். பதுளையில் ஒரு தோட்டக் கம்பனியின் பிராந்திய ஒபிஸில் நான் கம்பியூட்டர் ஒபரேட்டர். எங்களுக்குக் கீழே ஏழு தோட்டங்கள், ஏழு தேயிலை பெக்டரிகள். ஒவ்வொரு பெக்டரியிலும் ஒரே தரத் தூளை மூட்டை கட்டி அந்தத் தொகுதிக்கு ஓர் இலக்கம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் இன்வாய்ஸ். மூட்டைகள் லொறியில் கொழும்பு புரோக்கர் கம்பனியின் ஸ்டோருக்குப் போகும். எந்தத் தோட்டம், என்ன தரம், எத்தனை மூட்டை என்ற விபரத்தை ஒவ்வொரு பெக்டரியும் பிளொப்பி டிஸ்க்கில் அடித்து பஸ்ஸில் எனக்கு அனுப்பும்; அது என் கம்பியூட்டரிலிருந்து டெலிபோன் லைன் வழியாகப் போகும். அந்த விபரத்தை வைத்துத்தான் அவர்கள் ஏலப் பட்டியல் போடுவார்கள். பட்டியல் செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு மூடும். விபரம் போய்ச் சேராத தேயிலை அந்த ஏலத்தில் இல்லை. ஸ்டோரில் கிடந்து பழசாக வேண்டியதுதான்.

ரிஸ்வான் அந்தப் புரோக்கர் கம்பனியின் கம்பியூட்டர் பொறுப்பாளர். நல்ல பிள்ளை. ஆனால் பிழை தன் பக்கம் இல்லை என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டான். நானும் அப்படித்தான். அதுதான் வினை.

2. செட்டிங் போட்ட கதை

அதற்கு நாலு மாதம் முன்புவரை விபரங்களை பேக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தோம். இனிமேல் பைலாக அனுப்புங்கள் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ரிஸ்வான் டெலிபோனில் சொல்லச் சொல்ல, நான் காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு செட்டிங் போட்டேன். ஹோஸ்ட் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்ட், எந்த போல்டர், பைலை எந்த முறையில் அனுப்புவது, லைன் அறுந்தால் எத்தனை தடவை திரும்ப முயல்வது. பாஸ்வேர்டில் ஓர் எழுத்துப் பிசகி அரை நாள் போனது.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: அனுப்பி முடிந்ததும் உங்கள் பக்கத்துப் பைலை அழித்துவிடவா? அழி என்று டிக் போட்டேன். எனக்கு மேசையும் துப்புரவாக இருக்க வேண்டும், கம்பியூட்டரும் துப்புரவாக இருக்க வேண்டும். அப்படி ஒரு பைத்தியம்.

"எங்கட கம்பியூட்டர் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அந்த போல்டரைப் பாக்கும் அக்கா. இருக்கிறத எடுத்துட்டுக் காலியாக்கும்" என்றான். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

அடுத்தது நேரம். எங்கள் கணக்காளர் குணரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்தவர். பதுளைக்கு வந்து இருபது வருஷமாகியும் ஊர்ப் பேச்சும் பஞ்சாங்கமும் அவரை விட்டுப் போகவில்லை. என் மேசைக்கு வந்து நின்றார்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை மூண்டு மணியில இருந்து நாலரை மட்டும் ராகுகாலம். அந்த நேரத்திலை ஒண்டும் அனுப்பிப் போடாதையும்."

"ஐயா, மேமலை டிஸ்க் பசறை பஸ்ல வந்து சேரவே மூணு மணியாகிருதே."

"அப்ப ராகுகாலம் முடிஞ்ச கையோடை அனுப்பும். நாலரை அடிச்சா உடன போயிட வேணும். அஞ்சுக்குப் பட்டியலை மூடிப் போடுவாங்கள்."

யாரும் சிரிக்க வேண்டாம். ராகுகாலத்தில் நானும் புதுச் சேலை உடுத்தமாட்டேன். நாலு இருபத்தைந்துக்கு லைன் எடுப்பது, நாலரைக்குப் பைல் கிளம்புவது என்று கம்பியூட்டரில் நேரத்தைப் பதிந்துவைத்தேன். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. நானும் பெரிய கெட்டிக்காரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

3. மழைத் தூள்

ஐப்பசி பிறந்தது. பதுளையில் பின்னேரமானால் மழை. முதல் வாரம் ரிஸ்வான் சொன்ன அந்த இரண்டு இன்வாய்ஸ். அடுத்த செவ்வாய் மேமலையின் ஐந்து இன்வாய்ஸும் காணோம். மற்ற ஆறு தோட்டங்களும் ஒழுங்காக இருந்தன.

இங்கேதான் ஒரு சங்கதி. ஊவாவில் ஆடி, ஆவணிக் காற்றில் வருகிற தேயிலைக்கு நல்ல பெயர். மழை பிடித்துவிட்டால் தூள் மட்டம், ஏலத்தில் மதிப்பு இறங்கும். எந்தப் பெக்டரி என்ன விலை வாங்கியது என்று வாராவாரம் கொழும்பில் ஒரு தாள் போட்டு டீமேக்கர்களை வரிசைப்படுத்துவார்கள். டீமேக்கர் என்றால் பெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பானவர். மேமலை அந்த வரிசையில் எப்போதும் மேலே இருக்கும்.

"விளங்குதே பிள்ளை?" என்றார் குணரத்தினம் ஐயா. "மழைத் தூள் விலை போகாது எண்டு மேமலை டீமேக்கருக்குத் தெரியும். பேர் கெட்டுப் போகும் எண்டு விபரத்தை டிஸ்க்கிலை போடாமல் மறைச்சுப் போட்டார். மூட்டை லொறியிலை போனது எண்டு கொப்பியைக் காட்டுறார். அது மூட்டை போனதுக்குச் சாட்சி. டிஸ்க்கிலை போட்டதுக்கு எங்க சாட்சி?"

பழி எவ்வளவு அழகாகப் பொருந்தியது பாருங்கள்! எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று எனக்கு ஆசையும் இருந்தது. அவர் பிழை இல்லையென்றால் என் பிழை. மார்கழியில்தான் என்னை நிரந்தரமாக்குகிற கடிதம் வர இருந்தது.

மேலிடம் என்னிடம் எழுத்தில் கேட்டது. நானும் எழுதினேன்: "தொழிற்சாலைகளிலிருந்து கிடைத்த விபரங்கள் அனைத்தும் குறைவின்றி அனுப்பப்பட்டன." 'கம்ப்ளீட்' என்று வந்த தாளை அச்செடுத்து இணைத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

உண்மை என்னவென்றால், டிஸ்க்குக்குள் என்ன இருந்தது என்று நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஏழு டிஸ்க்கையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போடுவேன். ஒரு கட்டளை அடித்தால் ஆங்கில அகரவரிசைப்படி ஏழும் ஒரே பைலாகச் சேர்ந்துவிடும். தோட்டங்களுக்குத் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் வேறொரு பெயர்; மேமலையின் ஆங்கிலப் பெயர் டபிள்யூவில் தொடங்குவதால் அது எப்போதும் கடைசி. பிறகு வைரஸுக்குப் பயந்து டிஸ்க்குகளைச் சுத்தமாக அழித்து, அன்று பின்னேரமே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுவேன். சேர்த்த பைலையும் செட்டிங் அழித்துவிடும். பார்ப்பதற்கு எதுவுமே மிஞ்சாது.

4. மருதமுத்து ஐயா

வியாழக்கிழமை அவரே வந்தார். மேமலை டீமேக்கர் மருதமுத்து. தொழிலாளர் லயத்தில் பிறந்து, தூள் சலிக்கிற காம்பராவில் வேலைக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி டீமேக்கராக வந்த மனுஷன். அந்தப் பெக்டரியில் நம் தோட்டத்து ஆட்களில் டீமேக்கரானவர் அவர்தான் முதல். நானும் லயத்துப் பிள்ளைதான். அவர் பெயரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் என்னைப் படிக்கச் சொன்னார்கள். அந்த மனுஷன் என் மேசைக்கு முன்னால் நனைந்த குடையோடு நிற்கிறார்.

"மிஸ், நான் போட்டுத்தாங்க அனுப்புனேன். அஞ்சு வரி. என் கையாலயே அடிச்சேன். அந்த டிஸ்க்க ஒருக்கா தொறந்து பாருங்களேன்."

"அத அன்னைக்கே அழிச்சிட்டேங்க ஐயா. எப்பவும் அப்படித்தான்."

"சேத்த பைலு?"

"அதுவும் அழிஞ்சிருங்க. அனுப்புனதும் தானா அழியிற மாதிரி செட்டிங்."

"அனுப்புறதுக்கு முன்ன நீங்க பாத்தீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. மொனிட்டரை அவர் பக்கம் திருப்பி அந்த 'கம்ப்ளீட்' என்ற சொல்லைக் காட்டினேன். அவர் குனிந்து வாசித்தார்.

"அப்ப மெசினு பொய் சொல்லாது, நாந்தான் சொல்றேன். அப்படித்தானுங்களே?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. பிழை என்று முடிவானால் வேலையும் போகும், குவாட்டர்ஸும் போகும். அந்தச் சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. மூன்றாவது செவ்வாய்

மேமலைக்குப் பக்கத்துப் பெக்டரியிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக அனுப்பியிருந்தார்கள். அவர் கொடுத்த டிஸ்க் மூன்று மணிக்கு வந்தது. அன்று முதல்முறையாகத் திறந்து பார்த்தேன். நாலு வரி இருந்தது. விரல் வைத்து எண்ணினேன். சேர்த்த பைலையும் திறந்து கடைசியில் அந்த நாலு வரியும் இருப்பதைப் பார்த்து, அதை அப்படியே நகலாக ஒரு கொப்பி எடுத்து வேறு போல்டரில் வைத்துக்கொண்டேன்.

வெளியே மழை கொட்டியது. நாலரைக்குப் பைல் கிளம்பியது. வெயில் நாளில் இருபது செக்கன் வேலை, அன்று ஒன்றேகால் நிமிஷம் இழுத்தது. லைனில் அவ்வளவு இரைச்சல். முடிவில் வழக்கம்போல 'கம்ப்ளீட்'. உடனே கொழும்புக்குக் கோல் எடுத்தேன்.

"தம்பி, மேமலை எத்தனை வரி வந்திருக்கு?"

"மேமலையே இல்ல அக்கா. அதுக்கு முன்னுக்குள்ள தோட்டத்துலயும் கடைசி ரெண்டு வரி இல்ல."

ஐயோ, முந்தின தோட்டத்திலும் வெட்டு விழுந்திருக்கிறது! அதுவும் வேறு ஆள் செய்த டிஸ்க், நான் கண்ணால் பார்த்த டிஸ்க்.

"எத்தன மணிக்கு எடுத்தீங்க தம்பி?"

"நாலரைக்கு. எப்பவும் போல."

"நானே நாலரைக்குத்தானே அனுப்ப ஆரம்பிச்சேன்! இப்ப ஒங்க மணி என்ன?"

"நாலு முப்பத்தாறு."

என் கம்பியூட்டரில் நாலு முப்பத்தேழு. ஒரு நிமிஷம் முந்தி ஓடுகிறது. எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. வெயில் நாளில் இருபது செக்கனில் பைல் போய்ச் சேர்ந்துவிடும். பிறகுதான் அவர்கள் கம்பியூட்டர் எட்டிப் பார்க்கும். மழை நாளில் பைல் முழுதாக ஏறி முடிவதற்கு முன்பே அது வந்து, இருந்தவரைக்கும் எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் பின்னால் போய், எடுத்து அழித்துவிட்ட பைலோடு சேர்ந்து காணாமல் போகும். என் கம்பியூட்டர் பாவம், தன் பக்கத்தில் அனுப்பி முடித்ததைத்தான் 'கம்ப்ளீட்' என்று சொன்னது. அங்கே போய்ச் சேர்ந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசி வரிகள் எப்போதும் மேமலை. அதனால் அடியும் எப்போதும் மேமலைக்கு.

"தம்பி, லொறியில மூட்டை ஏத்திக்கிட்டு இருக்கயில வண்டிய எடுத்துட்டுப் போயிர்றீங்க!" என்று கத்தினேன். "எங்க பெக்டரியில கடைசி மூட்டை ஏத்தி, எண்ணி, மேல படங்கு மூடிக் கட்டி, சீல் வைக்கிற வரைக்கும் டிரைவர் கையில சாவி குடுக்க மாட்டாங்க. நம்ம ரெண்டு பேரும் சீலே வைக்கலியே! நல்லவேளை, இன்னைக்கு ஒரு கொப்பி எடுத்து வச்சிருக்கேன்."

"அல்லாஹ்" என்றான். பிறகு, "அக்கா, மொதல்ல கொப்பிய அனுப்புங்க. நான் கையால ஏத்துறேன். அஞ்சாக இன்னும் நேரம் இருக்கு" என்றான்.

அந்த வாரத் தேயிலை தப்பியது. மறுநாள் காலையில் இருவரும் டெலிபோனிலேயே செட்டிங்கை மாற்றினோம். பைல் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் போகும்; முழுவதும் ஏறி முடிந்த பிறகுதான் அதன் உண்மைப் பெயருக்கு மாறும்; தற்காலிகப் பெயருள்ள எதையும் அவன் கம்பியூட்டர் தொடாது. கடைசி வரியில் மொத்தம் எத்தனை வரி என்ற எண்ணிக்கை இருக்கும். எண்ணிக்கை பிசகினால் அவன் ஏற்றமாட்டான். அழி என்று போட்ட டிக்கை எடுத்தேன். அதைப் போட்டிராவிட்டால் மருதமுத்து ஐயாவுக்குச் சாட்சி முதலிலேயே கையில் இருந்திருக்கும்; அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

6. வியாழக்கிழமை

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பே பொய். செட்டிங் சரியாகிவிட்டது. இனி எந்த வரியும் தொலையாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, மார்கழிக் கடிதமும் வரும். அப்படி நினைத்தேன். ஒரு நிமிஷம் அல்ல, புதன்கிழமை முழுவதும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த மனுஷனை என் கையெழுத்தை வைத்துத்தான் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே நினைத்தேன்.

வியாழன் காலை குணரத்தினம் ஐயாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிசம் முந்தி ஓடுதோ? அப்ப இவ்வளவு நாளும் ராகுகாலத்துக்கை தான் அனுப்பினனீர்?"

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, அந்தக் கடிதத்த நான் திருப்பி எடுக்கணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "லைன் பிழை எண்டு எழுதுவம். மழை, இடி. ஒருத்தருக்கும் பாதகம் இல்லை. உமக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"லைன் பிழைன்னு எழுதினா, அவரும் மறைச்சாரு, லைனும் அறுந்துச்சுன்னு சொல்லுவாங்க ஐயா. நான் பாக்காமத்தான் எழுதுனேன்னு எழுதணும். செட்டிங் என்னோட பிழைன்னும் எழுதணும்."

அவர் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு கையை நீட்டினார். நான் எழுதி வைத்திருந்த தாளை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: அனுப்பும் நேரம் எனது அறிவுறுத்தலின்படி நிர்ணயிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார்.

"ராகுகாலம் எண்டு போடேல்லை. கொழும்பிலை சிரிப்பாங்கள்" என்றார்.

7. குவாட்டர்ஸில்

வெள்ளிக்கிழமை விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்ததாம். திங்கட்கிழமையிலிருந்து மருதமுத்து ஐயாவுக்குத் திரும்ப வேலை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப் போனது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை பசறை பஸ் ஏறி மேமலைக்குப் போனேன்.

குவாட்டர்ஸில் பாதிச் சாமான் மூட்டையாகக் கட்டியபடியே இருந்தது. அவருடைய சம்சாரம் பிளேன்டீயும் ஒரு துண்டு சக்கரையும் கொண்டுவந்து வைத்தார். நான் போல்டர், நேரம், தற்காலிகப் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். லொறிக்கு சீல் வைக்கிற கணக்கைச் சொன்னபோது தலையைக்கூட ஆட்டினார்.

"வெளங்குதுங்க மிஸ். செட்டிங் தப்பு. அது மெசினு, அதுக்கு என்னையத் தெரியாது. ஆனா நான் சொல்றது பொய்யின்னு அந்தத் தாளுல கையெழுத்து போட்டது மெசினு இல்லீங்களே."

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் கோத்து வைத்திருந்த அத்தனையும் மறந்துபோனது. "மன்னிச்சிருங்க ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

"டீயக் குடிங்க, ஆறுது" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அனுப்பினேன் என்று உங்கள் கம்பியூட்டர் சொன்னால் போதாது. வந்து சேர்ந்ததா என்று வாங்கியவரைக் கேளுங்கள். அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. கண்ணால் பார்க்காத எதையும் பார்த்ததாக எழுதிக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு பல வருஷம் அதே நாற்காலியில் இருந்தேன். எத்தனையோ பேர் "சும்மா ஒரு கையெழுத்துத்தானே, போடுங்க" என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். பார்க்காமல் போடமாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.